பூட்டுப் போட்ட முகம்

"மூஞ்சிய மூடாம அவன் சபைக்கு வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளையின் கோட்டையில் நின்று அதட்டினான் கெரோல்ட் பிரபு.

மாப்பிள்ளை இளவரசன் ஃபோல்க்மார். பாதி முகம் வெந்து சுருங்கியவன், ஒரு தோள் இறங்கியவன். எங்கள் சுவாபியா நாட்டில் அவன் குதிரை வந்தால் கர்ப்பிணிகள் சன்னலைச் சாத்துவார்கள். பார்த்தால் பிள்ளையும் அப்படியே பிறக்குமாம், என்ன அறிவோ! அவனுக்குத் தோல் முகமூடி தைக்க வைத்தவன் கெரோல்ட். அது நழுவாதிருக்கப் பின்னால் பூட்டுப் போடச் சொன்னவனும் அவனே. கெரோல்டின் மனைவி ஆடலா மாசமாக இருந்தாள். அந்த முகமூடி வாசலில் தெரிந்தால் கதவைத் திறக்கவே கூடாது என்று காவலர்களுக்குக் கட்டளை போட்டுவிட்டுத்தான் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தான்.

பெண், கெரோல்டின் தங்கை இர்ம்கார்ட். மூன்று வரன்களைத் தட்டிக்கழித்தவள். அப்படியென்றால் அந்தப் பூதத்தையே கட்டிக்கொள் என்று அண்ணன் ஆத்திரத்தில் தள்ளிவிட்டான். அவள் அழவில்லை. அந்த ஆத்திரத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வேட்டைப் பருந்துக்காக வந்த சண்டையை மனசில் வைத்து, ஃபோல்க்மாரைக் கொல்லன் உலையில் தள்ளியவன் கெரோல்ட். பின்னாலிருந்து தள்ளியதால் விழுந்தவனுக்கே ஆள் தெரியாது. ஊர் அதைத் தேவ தண்டனை என்றது. ஒன்பது வயது இர்ம்கார்ட் பார்த்தாள், பார்த்ததைச் சொன்னாள். பெண்பிள்ளை சாட்சி எந்தச் சபையில் செல்லும் என்று அப்பா அவள் கன்னத்தில் அறைந்தார்.

முதலிரவில் அவள் அவனிடம் சாவி வாங்கிப் பூட்டைத் திறந்து, வெந்த கன்னத்தில் முத்தமிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தேம்பி அழுதான். பிறகு வாளை எடுத்தான்.

"வாள் வேணாங்க. காலையில எனக்கு என்ன வேணும்னு மட்டும் சபையில கேளுங்க. அது போதும்."

அது எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கு மறுநாள் காலை, புருஷன் கேட்க, மனைவி ஒரு கையை மார்பிலும் ஒரு கையைப் பின்னலிலும் வைத்து, சத்தியமாகத் தன் பரிசைச் சொல்வாள். அந்தச் சத்தியத்தை எவனாலும் மறுக்க முடியாது. பெண் பேச்சுக்குச் சட்டம் காது கொடுக்கும் ஒரே வேளை அது. அதையும் பெண்கள் நாங்கள் திராட்சைத் தோட்டம் கேட்டே வீணாக்கினோம்.

மறுபடி முகமூடி மாட்டிக்கொண்டு சபைக்கு வந்த ஃபோல்க்மார் கேட்டான். இர்ம்கார்ட் மார்பிலும் பின்னலிலும் கை வைத்தாள்.

"இவர் போட்டிருக்கிற முகமூடி எனக்கு வேணும். இவர உலையில தள்ளினவன் இன்னிக்கு அதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகணும். தள்ளினது எங்கண்ணன். நான் பார்த்தேன்."

கெரோல்ட் சிரித்தான். "பொட்டச்சி பேச்சு செல்லுமா?"

கிழ நீதிபதி டீட்போல்ட் தலை நிமிரவில்லை. "மத்த நாள்ல செல்லாது பிரபுவே. இன்னிக்குச் செல்லும்."

நான்கு வீரர்கள் பிடித்துக்கொள்ள, இர்ம்கார்டே முகமூடியை அண்ணன் முகத்தில் மாட்டிப் பூட்டினாள். ஃபோல்க்மார் வெறும் முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டான்.

ஏழு ஊர் வழியாகக் கெரோல்ட் வீடு திரும்பினான். ஏழு ஊரிலும் சன்னல்கள் சாத்திக்கொண்டன. தன் கோட்டை வாசலில் நின்று, நான்தான் திறங்கடா என்று தொண்டை கிழியக் கத்தினான். காவலர்கள் கட்டளையை மீறவில்லை. மேலே ஆடலா வயிற்றைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தினாள்.

சாவி இர்ம்கார்டின் இடுப்பில் இருந்தது.