கல்லுக்கும் குழாய்க்கும் நடுவே

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாளும் அன்பரசனின் வயலில் தண்ணீர் வடியவில்லை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா, நுனி தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. நாளைக்குள் வடியாவிட்டால் அழுகிவிடும்.

இந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தவள் அவன் மனைவி சுடர்விழி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்தக் கடைமடை ஊரில், இருவர் வீட்டாரும் அதுவரை அடுத்தவர் வயலில்தான் நாற்று நட்டவர்கள். "ஒரு போகமாவது நமக்குன்னு வெப்போம்" என்றாள். சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டாள். அவன் விதை விட்டான், நட்டான். எதற்கென்று யோசிக்கவில்லை. இதுவும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையில் அண்ணனிடம் போய்விடுவதாக இருந்தான்.

வடிகால் வாய்க்கால் தண்ணீர் புதுச் சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போக வேண்டும். போகவில்லை. பாசனப் பிரிவில் கேட்டால், வாய்க்காலைத் தூர்வாரியாச்சு, ரோட்டுக்காரங்களைக் கேளுங்க என்றார்கள். சாலைப் பிரிவில் கேட்டால், குழாயைச் சுத்தம் பண்ணியாச்சு, வாய்க்கால்காரங்களைக் கேளுங்க என்றார்கள். இரண்டுமே உண்மை.

வேளாண் உதவி அலுவலர் காதர் மைதீன்தான் ஒரு காரியம் செய்தார். வாட்ஸ்அப்பில் குழு ஒன்றைத் தொடங்கி, இரு பிரிவுப் பொறியாளர்களையும் ஊர் விவசாயிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். வேலை முடிந்த படங்களை இருவரும் இங்கேயே போடுங்கள் என்று கேட்டார். விவசாயிகள் பார்க்கிற இடத்திலா? என்று இரு பொறியாளர்களும் தயங்கினார்கள். பிறகு இரண்டும் வந்தன. ஒன்றில் தூர்வாரிய வாய்க்கால் எல்லைக்கல்லோடு நின்றது. மற்றதில் குழாயின் வாய் மட்டும் இருந்தது. கல்லுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு டிராக்டர் நிற்கிற அளவு இடம். அது எந்தப் படத்திலும் இல்லை.

மதியத்துக்குள் இருவரும் அந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள்; காதர் மைதீனும் கூட வந்திருந்தார். சாலைப் பொறியாளர் கலைமகள் சின்ன வயது. மன்னார்குடி சாலை வேலையில் நின்ற பொக்லைனையே ஓட்டிவரச் சொல்லியிருந்தார். பாசனப் பொறியாளர் அமிர்தலிங்கம் ஓய்வுபெறப் போகிறவர். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். அந்த இடைவெளியைச் சேறும் ஆகாயத்தாமரையும் மெத்தை போட்டதுபோல் அடைத்திருந்தன.

"மெஷின் என்னுது சார், மண்ணு உங்களுது" என்றார் கலைமகள். "நான் கை வெச்சா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லும்மா. எழுதியே தர்றேன்."

"தூர்வாரின அன்னிக்கே ஒரு போன் போட்டிருக்கலாமே சார்."

"உன் நம்பர் எனக்கு எங்க தெரியும்? ஒரே டீக்கடையில டீ குடிக்கிறோம், அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப ரெண்டு ஆபீசையும் டீக்கடைக்கே மாத்திடுங்க சார், ஊரு பொழைச்சுக்கும்" என்றான் பக்கத்து வயல் வீரையன். அமிர்தலிங்கம்தான் முதலில் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். கீழ் ஊர் மதகு ஷட்டரைத் தூக்கச் சொன்னார். தண்ணீர் வரப்போவதை அந்த ஊர்க்காரர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் பொக்லைனுக்குக் கையைக் காட்டினார்.

நாலைந்து அள்ளலில் அடைப்பு உடைந்தது. தண்ணீர் இரைச்சலோடு குழாய்க்குள் பாய்ந்தது.

அன்பரசன் வரப்பிலேயே நின்றான். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. வெயில் தாழ்ந்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை நுனிகள் எழும்பின.

சித்திரையிலிருந்து எத்தனையோ பேர் வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார்கள். தலையை ஆட்டி அனுப்பியிருந்தான். இவர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவள் ஆசைப்பட்ட பயிருக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் சேற்றில் நிற்கிறார்கள்.

காலைக் கழுவிக்கொண்டிருந்த கலைமகளிடம் போனான்.

"மேடம்..." அமிர்தலிங்கத்தையும் பார்த்துக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிங்க. சார், உங்களுக்கும்."

"எங்களுக்கு எதுக்குப்பா? ரெண்டு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார் அமிர்தலிங்கம்.

காதர் மைதீன் வண்டியைக் கிளப்பினார். அன்பரசன் பின்னாலேயே ஓடினான்.

"சார், மேலுரம் எப்பப் போடலாம்?"

"தண்ணி முழுசா வடியட்டும் தம்பி, வேரு மூச்சு விடட்டும். நாளைக்கு வந்து பயிரைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"காலையிலேயே வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."