மாதம் இரண்டு நேர் அழைப்பு

இங்கிலாந்தில், பாட்லி ஊரில் எங்கள் தெருவிலேயே பொடி எழுத்தைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். இருபத்தாறு வருஷம் நகரசபையில் வாடகை உதவி கவுன்டரில் உட்கார்ந்தவள். எந்தக் காகிதத்தின் அடியில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சட்டென்று மூக்கில் வேர்த்துவிடும்.

பக்கத்து வீட்டு வில்ஃப் ஓல்ட்ராய்ட் எதையும் படிக்க மாட்டார். ஆனால் எங்கே நாலு பென்ஸ் மிச்சமாகும் என்பது மட்டும் தெரியும். தொலைபேசி லைன் ஒரு கம்பெனியுடையது. ஆனால் அழைப்புகளை இன்னொரு மலிவுக் கம்பெனி வழியாகப் போடுவார். அதற்கு ஒவ்வொரு முறையும் முன்னால் ஐந்து எண்களை அழுத்த வேண்டும். அந்த ஐந்தையும் சீட்டில் எழுதி போன் மேலேயே ஒட்டி வைத்திருந்தார்.

அந்த மனுஷனுக்கு ஒரே மகள், ஹீதர். தூரத்தில், ஸ்காட்லாந்து அபர்டீனில் இருக்கிறாள். அவள் அம்மா செத்த அடுத்த வாரமே வில்ஃப் அந்த அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், பழைய சாமான் வாங்கி விற்கிற தர்மக் கடையில் கொடுத்துவிட்டார். ஹீதர் கத்தினாள். இவர் திருப்பிக் கத்தினார். “இனிமே இந்தப் பக்கம் வராதே” என்றும் சொல்லித் தொலைத்தார். சொன்ன மறுவாரமே மனசு கேட்காமல், ஞாயிறு தவறாமல் ஆறு மணிக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். எட்டு மாதமாகியும் ஒரு தடவைகூட அவள் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து, கடைசியில் ‘செய்தி சொல்லுங்கள்’ என்று பதில் மெஷின் பேசும். மெஷினோடு பேச வில்ஃபுக்கு வராது, வைத்துவிடுவார்.

“என் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா, மேவிஸ்” என்றார் ஒருநாள். மனுஷன் பாதியாகிவிட்டிருந்தார்.

“அவ உனக்கு போன் பண்ணலையா?”

“யார் பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் மாத்துறோம், சமையலறை மாத்துறோம்னு ஒரு நாளைக்கு ஏழு பேரு. நான் போனை எடுக்கிறதையே விட்டுட்டேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “யோவ், எடுக்காமலே இருந்துட்டு அவ கூப்பிடலைன்னு அழுவியா? யார் கூப்பிடறான்னு நம்பர் காட்டுற வசதியை வாங்கித் தொலையேன்.”

“அதுக்கு மாசாமாசம் காசு கேட்கிறானே.”

“கேட்க மாட்டான். நான் படிச்சுட்டேன்.”

படித்துத்தான் இருந்தேன். லைன் கம்பெனி அனுப்பிய காகிதத்தில் மூன்றாம் பக்கம், அடிக்குறிப்பு: மாதம் இரண்டு கட்டண அழைப்பாவது எங்கள் வழியாகவே போட்டால் நம்பர் காட்டும் வசதி இலவசம். மற்ற அழைப்புகளை எவன் வழியாகப் போட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அதாவது, மாதம் இரண்டே தடவை அந்த ஐந்து எண் இல்லாமல் நேராக அழுத்தினால் போதும்.

வில்ஃப் முகம் மலர்ந்தது. “அப்போ நேரம் சொல்ற நம்பருக்கு ரெண்டு தடவை அடிச்சா முடிஞ்சுது!”

சந்தையில் இருந்து நம்பர் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். பதிவும் செய்தாயிற்று. முதல் தேதியன்று நான் கூடவே போய் நின்றேன், நல்லவேளையாக. மனுஷன் கண்ணாடியை மூக்கில் இறக்கி, சீட்டைப் பார்த்து, பழக்க தோஷத்தில் அந்த ஐந்து எண்ணையும் அழுத்திக்கொண்டிருந்தார்.

“அட கர்மமே! அது அவன் வழியாப் போகுதுய்யா. இது கணக்குல சேராது.”

“கை தன்னால போயிடுச்சும்மா.”

சீட்டைப் பிய்த்து என் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது முயற்சியில் நேரம் சொல்லும் குரல் ஆறு மணி இரண்டு நிமிஷம் என்றது. ஒன்று முடிந்தது.

“ரெண்டாவதும் அதுக்கேவா?” என்றேன். “மணி தெரிஞ்சு போச்சே. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஹீதருக்கு அடி.”

“அவ எடுக்க மாட்டா. தெண்டம்.”

“தெண்டமாவே போகட்டும். எனக்கு வேண்டியது ஒரு கட்டண அழைப்பு. மெஷின் எடுத்தாலும் கட்டணம்தான். அடிய்யா.”

அடித்தார். ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தார், மெஷின் வந்ததும் வைத்துவிடும் பழக்கத்தில். முதல் மணிகூட முழுதாக அடித்து முடிக்கவில்லை.

“அப்பா?”

எனக்கே கேட்டது. வில்ஃப் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முதுகில் ஒன்று வைத்தேன்.

“ஹீதர்... நான்தாம்மா.”

“தெரியுதுப்பா. போன்லயே காட்டுதே! எட்டு மாசமா எங்க போய்த் தொலைஞ்சே? நான் அடிச்சா எடுக்கவே மாட்டேங்கிறே!”

“நான் ஒவ்வொரு ஞாயிறும் அடிச்சேனே! ஆறு மணிக்கு!”

ஹீதர் மெதுவாகச் சொன்னாள். “ஆறு மணிக்கு ‘நம்பர் இல்லை’ன்னு ஒண்ணு வரும்ப்பா. ஜன்னல் விக்கிறவன்னு நினைச்சு நான் எடுக்கிறதே இல்லை.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மலிவுக் கம்பெனி அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே தவிர, நம்பரைக் கொண்டுபோகவில்லை. எந்தப் பொடி எழுத்திலும் அது இல்லை. நான் படிக்காமல் விட்டதாக யாரும் சொல்ல முடியாது.

“அம்மாவோட தையல் மெஷினைக் கொடுத்தது தப்பும்மா” என்றார் வில்ஃப். “அதைப் பார்த்துக்கிட்டு அந்த ரூம்ல இருக்க முடியலை. உன்னைக் கேட்டிருக்கணும்.”

நான் கெட்டிலை வைக்கச் சமையலறைக்குப் போனேன். அழுதேன், அதில் என்ன வெட்கம். திரும்பி வந்தபோது அரைமணி நேரம் ஓடியிருந்தது. முழுக் கட்டணத்தில்! வில்ஃப் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரிசீவரை வைத்த பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேவிஸ், நான் அடிச்சா அவ போன்ல வெறும் நம்பர் வராதாம். நம்பருக்குப் பேர் போட்டு வெச்சிருக்கா. ‘அப்பா’ன்னு வருமாம்.”

“சரி, அதுக்கென்ன?”

“அம்மா போன அன்னிக்குப் போட்டாளாம். சண்டைக்கு அப்புறமும் அழிக்கலையாம். நான் இத்தனை ஞாயிறு அடிச்சும் அது ஒரு தடவைகூட எரியலை, மேவிஸ்.”

என் பையிலிருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு அழைப்பும் முடிந்துவிட்டதால் இனி மாதம் முழுக்க மலிவாகவே பேசலாம் என்று சொன்னேன். வில்ஃப் அதை வாங்கி நாலாகக் கிழித்து, டீக் கோப்பைத் தட்டில் போட்டார்.