இடப்பக்கம் தேய்ந்த கல்

எங்கள் தெருவின் பதினோரு வீடுகளையும் வாங்கி, நடுச்சுவர்களை இடித்து ஓட்டலாக்கினார்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டின் வரலாறு என்று ஒரு பலகை. எல்லாம் வாய்க்கு வந்த கதை. கறிக்கடைக்காரர் வீடு ‘கவிஞர் இல்லம்’ ஆனது. அந்த மனுஷனுக்குத் தன் கையெழுத்தே போட வராது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த துவைக்கிற கல்லுக்கு ‘ஞானியின் தியானக் கல்’ என்று பலகை. அதில் என் அம்மா முப்பது வருஷம் ஊர்த்துணியை வெளுத்து எங்கள் மூன்று பேரை வளர்த்தாள். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அடித்து அடித்து, கல்லின் இடப்பக்கம் தேய்ந்து சரிந்துவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்த விருந்தாளிகள் அந்தப் பக்கமாகத்தான் வழுக்கி விழுந்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுக்கை விரிப்புகளை மெஷினில் போடுவேன். அங்கே என் வேலை அதுதான்.

நேற்று ஒரு அம்மாள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். இன்று காலை மேனேஜர் கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார்.

“மேல ரெண்டு இஞ்ச் கொத்திட்டா மட்டமாயிடும் சார்,” என்றார் கொத்தனார்.

அம்மாவின் போட்டோகூட எங்களிடம் கிடையாது. அவள் இருந்தாள் என்பதற்கு அந்தச் சரிவு ஒன்றுதான் சாட்சி.

மெஷினிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை உருவிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். “கொஞ்சம் தள்ளுங்கண்ணே,” என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, விரிப்பைச் சுழற்றி ஓங்கி அடித்தேன். கவிஞர் இல்லம் வரை கேட்டிருக்கும். காபி குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகள் கோப்பையோடு எழுந்து வந்தார்கள்.

“என்னக்கா பண்றீங்க? கெஸ்ட் எல்லாரும் பாக்குறாங்க.” மேனேஜர் பல்லைக் கடித்தார்.

“பாக்கட்டும் தம்பி.” இரண்டு வருஷமாக அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். “இது எங்கம்மா தொவச்ச கல்லு. எந்த ஞானியும் இங்க வந்து ஒக்காரல. வந்திருந்தா அவரு துணியையும் எங்கம்மாதான் தொவச்சிருப்பா.”

“வீடு இப்ப உங்களுது இல்லக்கா. வித்தாச்சு.”

“வீட்டத்தான் வித்தோம். எங்கம்மாவ விக்கல.”

முழங்கையில் கட்டுப் போட்டிருந்த அம்மாள் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். “ஏன் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு?”

“அவளுக்கு எடது கைப் பழக்கம்மா,” என்றேன். அழவில்லை. அவர்கள் முன்னால் அழக் கூடாது என்றிருந்தேன்.

கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டார். “இதுல நான் கை வைக்கல சார். வேற ஆளப் பாத்துக்கங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்.”

“சரி. இன்னிக்கு வேலைய முடிச்சுட்டுப் போறேன்.”

விரிப்பை முறுக்கிப் பிழிந்தேன். பின்பக்கத் துணிக்கொடி காலியாகத்தான் இருந்தது. நான் அங்கே போகவில்லை. ஞானியின் பலகைமேல் விரிப்பை நன்றாக இழுத்து விரித்துக் காயப் போட்டேன். ஒரு எழுத்துகூட வெளியே தெரியவில்லை.