தொப்பை எழுத்தில் ஒரு போராட்டம்

எங்கள் கிடங்கில் சரக்கு லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிவிட்டது. மாவு மூட்டைகளை மூன்றாம் மாடி வரை முதுகில்தான் ஏற்றினோம். என் முட்டி எண்ணெய் காணாத கதவுபோல் கத்தும். மேனேஜரிடம் சொன்னால், "பாக்கலாம்ப்பா" என்பார். பார்க்க மட்டும் மாட்டார். வேலையை நிறுத்திவிட்டு, அட்டை பிடித்து வாசலில் நிற்பதென்று முடிவானது.

அட்டை அடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். காரணம், அச்சுக்கடையில் வேலை பார்க்கும் என் கொழுந்தியாள். மூட்டைகளில் நான் மையால் எழுதுவதைப் பார்த்து, அதே சாயலில் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். நாற்பது வயசுக்கு மேல் எழுதப் பழகிய கை என்னுடையது. எழுத்தெல்லாம் மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சாய்ந்த மாதிரி இருக்கும். அவள் இன்னும் கொஞ்சம் சதை போட்டு, 'தொப்பை' என்று பெயரும் வைத்துவிட்டாள். ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை, குழந்தைகளுக்குப் பல் பிடுங்கும் டாக்டர், எந்தப் போர்டைப் பார்த்தாலும் தொப்பைதான். வேலைக்குப் போகிற வழியெல்லாம் என் கையெழுத்தே என்னைப் பார்த்து இளிக்கும்.

"மாமா, இது சண்டைக்கு ஆகாது. நெட்டையா, கறுப்பா வேற எழுத்துல போட்டுத் தரேன்" என்றாள்.

"என் முட்டிவலிக்கு என் எழுத்துதாம்மா."

"அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

மறுநாள் காலை வரிசையாக நின்றோம். 'லிஃப்ட் வேணும்! முட்டி போச்சு!' அட்டையில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து குலுங்கின. மேனேஜர் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தார்.

"அழகா இருக்கே! யாருக்குப்பா பொறந்தநாள்?"

"போச்சுடா" என்று தலையில் அடித்துக்கொண்டார் எங்கள் மேஸ்திரி. "கோவமா நிக்க வைடான்னா, பலூன் விக்க நிக்க வெச்சிருக்கியே!"

அப்போது ஒரு சின்னப்பெண் வந்து என் பின்னால் நின்றாள். அவள் பின்னால் அவள் அண்ணன். கொஞ்ச நேரத்தில் வரிசையின் வால் தெருமுனையைத் தொட்டது.

"ஐஸ்கிரீம் எப்ப குடுப்பீங்க?"

"ஐஸ்கிரீம் இல்ல கண்ணு. லிஃப்டுக்கு நிக்கறோம்."

"சரி, அதையாவது குடுங்க."

பிள்ளைகள் சும்மா நிற்குமா? அட்டையில் இருந்ததை ராகம் போட்டுக் கத்தத் தொடங்கின. மேனேஜர் இறங்கி வந்து அதட்டினார். கப்சிப். அவர் மூச்சு வாங்க மேலே போய் நாற்காலியில் சாய்ந்ததும், "முட்டி போச்சு!" மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். வாட்ச்மேனை விட்டு விரட்டலாமென்றால், அவரும் எங்களோடு அட்டை பிடித்திருந்தார். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. அவர் தலை ஜன்னலில் தெரிந்தால் மௌனம், மறைந்தால் கச்சேரி.

கடைசி முறை இறங்கியவர் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கிட்டுப் போயிடட்டுமா சார்? மூட்டையோட மூட்டையா" என்றார் மேஸ்திரி.

மேனேஜர் முறைத்துவிட்டு போனை எடுத்தார். "லிஃப்ட் மெக்கானிக்கா? நாளைக்கெல்லாம் வேணாம்யா. இப்பவே வா!"

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். "மூக்குக்கண்ணாடிய மேல வெச்சுட்டு வந்துட்டேன். யாராவது எடுத்துட்டு வாங்கப்பா."

ஒருத்தரும் அசையவில்லை.

"அவசரம் என்ன சார்?" என்றேன். "மெக்கானிக் வரட்டும். லிஃப்ட்லயே போய் எடுத்துக்கலாம்."