ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே

சபையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞானி என்றால்தான் தெரியும். பிழைப்புக்குத் தையல் கடை. ஊர் வழக்குகளுக்குத் தீர்ப்பு இலவசம். வாலிபத்தில் ஒரே ஒரு ஜெபம் செய்தார்: பணம் வேண்டாம், புத்தியைக் கொடும். அந்த மனு அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு மட்டும் அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அக்காவும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். கூடவே அவர்களுடைய அம்மா. எண்பது வயது, கால்தான் தகராறு, காது பாம்புக்காது. அம்மா யார் வீட்டில் இருப்பது என்பதுதான் வழக்கு. என் வீட்டில்தான் என்று இருவரும் நின்றார்கள். அக்கா அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பத்து வருஷத்துப் பழசைக் கிளறினாள். தங்கை அளந்து பேசினாள். அம்மாவை வாசல் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் பேச்சு நடந்தது.

ஒரு குழந்தைக்காக அடித்துக்கொண்ட இரண்டு பெண்களும், அதை இரண்டாக வெட்ட வாளைக் கொண்டுவரச் சொன்ன பழைய ஏற்பாட்டு ராஜாவும் ஞானிக்கு ஞாபகம் வந்தார்கள். வெட்ட வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றவள்தானே பெற்றவள்? இவர் கையில் கத்தரிக்கோலே இருந்தது. அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று கறாராகச் சொன்னார். சும்மா போட்ட தூண்டில்தான். சொல்லிவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தார்.

"சரி, ஆறு மாசமாவது கிடைக்குதே," என்றாள் அக்கா.

"அம்மாவை எதுக்கு அலைய விடணும்? அக்காவே வெச்சுக்கட்டும்," என்றாள் தங்கை.

ஞானிக்கு உடம்பு சிலிர்த்தது. விட்டுக்கொடுத்தவள்தான் உண்மையான மகள் என்று தங்கையிடமே அம்மாவை ஒப்படைத்தார். அடுத்த ஞாயிறு போதகரே அதை மேடையில் எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து அக்கா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து, தங்கை அம்மாவின் ரவிக்கைகளைக் கொண்டுவந்தாள். தொளதொளவென்று இருக்கிறதாம், பிடித்துத் தைக்க வேண்டுமாம். இரண்டு விரல் பிடித்தார். அடுத்த மாதம் அதே ரவிக்கைகள் திரும்பி வந்தன. இன்னும் இரண்டு விரல். அதற்குமேல் ஞானிக்குத் தையல் ஓடவில்லை. அளவெடுக்கும் சாக்கில் கிளம்பினார்.

வீடு நான்காவது மாடியில். டப்பாவில் கிழமை வாரியாக மாத்திரை; மேஜையில் மூடிவைத்த சாப்பாடு. பகலெல்லாம் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை ஞானியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஊர் வாய்க்குப் பயந்துதான் நானும் அம்மாவைக் கேட்டேன் ஐயா. அக்காவே வெச்சுக்கட்டும்னு சொன்னது என்னால முடியாமத்தான். நீங்க நல்ல மகள்னுட்டீங்க. சபையே கேட்டுச்சு. அப்புறம் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். உள்ளத்தைப் பார்ப்பது மனுஷன் வேலை இல்லை என்று எத்தனையோ ஞாயிறு வாசித்தவர்தான் ஞானி. வாசித்தபோதெல்லாம் அது மற்றவர்களுக்கு எழுதியதாகவே பட்டது. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த ராஜா கதையை நம்பித் தப்பு பண்ணிவிட்டேன் என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

"அந்தக் கதையில குழந்தைக்குப் பேச்சு வராது தம்பி," என்றார் அம்மா. "எனக்கு வரும்."

யார் வீட்டில் இருக்க ஆசை என்று ஞானி அப்போதுதான், முதல் தடவையாக, அவரைக் கேட்டார்.

"ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு சொன்னீங்களே, திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரெண்டு பிள்ளைங்க கூடவும் இருக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் ஏன் தம்பி மாத்திட்டீங்க?"