பன்னிரண்டு பெயிண்ட் வாளிகள்

செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது உமாமகேஸ்வரனின் பயிற்சி மையம். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக அவர் ஒரு புத்தகம் போடப்போகிறார். 'பத்தாயிரம் பொது அறிவு வினாக்கள், பாடவாரியாக.' புத்தகம் வருமுன்பே கிரிவலப் பாதை முழுக்க பேனர் வந்துவிட்டது. அதில் புத்தகத்தைவிட அவருடைய மீசை பெரிது.

வினாக்களைப் பிரிக்க வேணுவைப் பிடித்திருந்தார். முப்பது வருஷம் சிமெண்ட் மூட்டை சுமந்து இடுப்பு போனவன். நாற்பத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் அதே நாற்காலியில் நிரந்தர வேலை என்று பேச்சு. இனி மூட்டை தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணினியில் இருந்த வினாக்களை, மையத்தில் வேலை பார்க்கும் சைலஜா விடையோடு அச்சடித்துச் சீட்டு சீட்டாக வெட்டித் தந்தாள். பெட்டி வாங்க சாருக்குக் கை நீளவில்லை. கட்டட வேலையில் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு காலி பெயிண்ட் வாளிகளை வேணுவே கொண்டுவந்து, பாடத்தின் பெயர்களை ஒட்டினான்.

சைலஜா முன்பே ஒரு தடவை கணினியில் பிரித்திருந்தாள். கேள்வியில் கோயில் என்று வந்தால் ஆன்மிகம். அவ்வளவுதான் அவள் கண்ட பாடம். அவள் பிரித்தபடியே வாளிகளில் போட்டுவிட்டு, வேணு ஒவ்வொரு சீட்டாகச் சரிபார்த்தான். 'கோயில் யானையின் கர்ப்பகாலம் எத்தனை மாதம்?' என்ற சீட்டும் ஆன்மிகத்தில் இருந்தது. யானை கர்ப்பமானதற்கும் ஆண்டவன்தான் பொறுப்பு போலிருக்கிறது என்று முனகிக்கொண்டு, வேணு அதை விலங்கியலில் போட்டான்.

அவனுக்கு ஓட்டமாகப் படிக்க வராது. விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கடைசி வரை போவான். பட்டம் வாங்கியவர்கள் தாண்டிப்போன இடத்தில் அந்த விரல் நின்றது. 'சிமெண்டில் ஜிப்சம் ஏன் சேர்க்கிறார்கள்?' மூன்று வாளியில் இதே கேள்வி, விடை மட்டும் வேறு வேறு. வேதியியலில், இறுகுவதைத் தாமதப்படுத்த. தொழில்களில், சீக்கிரம் இறுக. பொது அறிவியலில், வெள்ளையாகத் தெரிய.

"சைலஜாம்மா, நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஏன்ணா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

ஒரே வினா பல தடவை வந்தால் ஒன்றை மட்டும் வாளியில் விட்டு, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு மேசையில் வைத்தான். வெள்ளிக்கிழமை சார் வந்து எட்டிப் பார்த்தார். வாளிகளில் பாதிகூட நிரம்பவில்லை.

"பத்தாயிரம் எங்கய்யா?"

"இருக்கறதே மூவாயிரத்துச் சொச்சம் சார். அதுங்களேதான் வாளி வாளியா கிரிவலம் வருதுங்க."

"உன்ன அடுக்கச் சொன்னேனா, பொறுக்கச் சொன்னேனா? பேனர் வெச்சாச்சுய்யா. பிரிச்சு எல்லாத்துலயும் மறுபடி போடு."

"ஜிப்சத்துக்கு மூணு பதில் இருக்குது சார்."

"இருந்துட்டுப் போவுது. பசங்க எதையாவது ஒண்ண டிக் அடிக்கப் போறானுங்க. நேத்து பேரெழுதக் கத்துக்கினவன் எனக்குப் பாடம் எடுக்கறான். போடறியா, எழுந்து போறியா?"

வேணு நாற்காலியைப் பார்த்தான். மெத்தை வைத்த நாற்காலி. அஞ்சு நாளாக இடுப்பு வலிக்காமல் இருந்தது.

எழுந்து, முதல் வாளியைத் தரையில் கவிழ்த்தான். அடுத்தது. அதற்கடுத்தது. வரலாற்றின் மேல் வேதியியல், அதன் மேல் ஆன்மிகம் என்று சீட்டெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டியது.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

"வாளி என்துது சார்."

பன்னிரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தூக்கிக்கொண்டான். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இடுப்பு சுளீர் என்றது. மேலே சார் சீட்டுகளை அள்ளச் சொல்லிக் கத்தினார்.

"எதுல சார் அள்றது?" என்று கேட்டாள் சைலஜா.