மனமுவந்து

"மனமுவந்து சம்மதிக்கிறோம்" என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. மருத்துவமனை ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்குப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் பொறுப்பாளர். நிதி கிட்டத்தட்ட முழுவதும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் கிடந்தது. இப்போது அரசாங்கம் கையை விரித்துவிட்டது. பாதிதான் தர முடியும், அதையும் நீங்களாகவே விரும்பி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு விருப்பம் கேட்கிறார்களே என்று பேனாவை இரண்டு முறை மூடி வைத்தாள். மறுத்தால் வழக்கு, வருடக்கணக்கில் இழுக்கும். அடுத்த மாத ஓய்வூதியத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? போட்டுவிட்டாள்.

ஒரே ஒரு தைரியம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பிடிவாதமாக அந்தப் பத்திரங்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தாள். அரசாங்கம் கடனைத் திருப்பித் தராவிட்டால் நஷ்டத்தை ஒரு பெரிய வங்கி ஈடுகட்டும். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம். நிதிக்குழுவில் இருந்த தலைமை நர்ஸ் அன்றைக்கே கேட்டார்: "கவர்மெண்ட்டே முங்கிட்டா, பேங்க்காரன் மட்டும் மிதந்துகிட்டு நம்மளக் கைதூக்கி விடுவானாக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் முதல் காசோலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

நஷ்டத்தைக் கேட்டு எழுதியதற்கு வங்கியின் பதில் பத்து நாளில் வந்தது. பணம் இல்லை. அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நீங்க விரும்பித்தானே பாதிய ஏத்துக்கிட்டீங்க மேடம்?" என்றது ஓர் இளம் குரல், பணிவாக. "கட்டாயப்படுத்தியிருந்தாத்தான் கடன் தவறினதா ஆகும். இது நாங்களா சொல்றது இல்ல. அத முடிவு பண்றதுக்குன்னே ஒரு கமிட்டி இருக்கு."

"கமிட்டியில யாரு இருக்கா?"

"பெரும்பாலும் பேங்க்காரங்கதான், மேடம்."

அந்த நிபந்தனை காப்பீட்டு ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அவள் படிக்காமல் இல்லை. படித்த அன்று, நடக்கவே நடக்காத ஒன்றைப் பற்றி யாரோ வேலையற்றுப் போய் எழுதியதாகத் தோன்றியது.

ஓய்வூதியம் பாதியாகும் என்ற அறிவிப்பை மாலையில் பலகையில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் சலவைக்கூடத்துக்குப் போனாள். அவளுடைய அக்காவுக்கு அங்கே முப்பத்து நான்கு வருட வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டே மாதம். முழங்கால் ஆபரேஷனைக்கூட அந்தப் பணத்தை நம்பித்தான் தள்ளிப் போட்டிருந்தாள். எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"அக்கா, பாதிதான் வரும்."

"என்ன பாப்பா? காதுல விழல."

"பாதிதான் வரும்!" என்று கத்த வேண்டியிருந்தது. அங்கிருந்த ஏழு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி போய் எந்திரங்களை நிறுத்தினாள்.

"இன்சூரன்ஸ் இருக்குன்னியே?"

"இருந்துச்சு. ஆனா நாமளா விரும்பி விட்டுக்குடுத்துட்டோமாம். அதனால கிடையாதாம்."

"யாரு விரும்பினா?"

"நான்தான்கா கையெழுத்துப் போட்டேன்."

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்காவோ தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரமே இல்லாத கைகளை வெகுநேரம் துடைத்தாள். "என் தங்கச்சி பாத்துக்குறா, நிம்மதியா தூங்குங்கடின்னு இவளுங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றாள் மெதுவாக. பிறகு ஒவ்வொருத்தியாக வேலைக்குத் திரும்பினார்கள்.

அவள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். அக்கா குவியலிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவி உதறி, நிமிர்ந்து பாராமல், ஒரு பக்கத்து முனைகளை அவளிடம் நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் விறைப்பாக இழுத்து, மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்துவந்தார்கள். விரல்கள் தொட்டன. அக்கா முனைகளை வாங்கிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.